பழைய படங்களை எதிலிருந்து காட்டத் தொடங்கலாம்?

சேலம் நண்பர்களுக்கு வணக்கம். ஒரு உதவி வேண்டும்.

என் மாமனார் கதவைத் தட்டும்போதெல்லாம் "திறந்திடு சீசேம்" என்பார். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக்கூட ஏதோ மனைப்பிரிவின் நுழைவாயில் என்றே நினைத்திருக்கிறாள். டி.ஆர். சுந்தரத்தின் ஸ்டுடியோ அது, தாத்தா சொல்லும் அந்த வசனம் வரும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவர்கள் எடுத்தது, மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938) கூட அவர்களுடையதுதான் என்றதும், "நம்ம ஊரிலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிள்ளைகளைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தாத்தா சிரிக்கும்போது பேத்தியால் சேர்ந்து சிரிக்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

காலாண்டு விடுமுறையில் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கப் போகிறேன். முதலில் அலிபாபா, சரி. அப்புறம்? ‘மந்திரி குமாரி’யில் (1950) கலைஞரின் வசனம் அவளுக்குப் பிடிபடுமா? கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போகும் பிள்ளைகளை உங்கள் வீட்டில் எந்தப் படம் கட்டிப்போட்டது? அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள், மகளை நேரில் அழைத்து வருகிறேன்.