கண்ணாடிப் பாளத்தின் எதிர்ப்பக்கத்தில் முழு அக எதிரொளிப்பு ஏன் நிகழ்வதில்லை?

யாழினி (கேள்வி):
வணக்கம். ஒளி அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்திற்குச் செல்லும்போது, படுகோணம் மாறுநிலைக் கோணத்தை விட மிகுந்தால் முழு அக எதிரொளிப்பு, அதாவது ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புவது, நிகழும் என்று படித்திருக்கிறேன். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட கண்ணாடிக்கு அந்தக் கோணம் ஏறத்தாழ 41.8°. ஆய்வகத்தில் செவ்வகக் கண்ணாடிப் பாளத்தைத் தாளின் மீது வைத்து, குண்டூசிகளை நட்டுக் கதிரின் பாதையை வரைந்தபோது படுகோணத்தை 30°, 45°, 60° என்று கூட்டிக்கொண்டே போனேன். 75° ஆன பிறகும் கதிர் எதிர்ப்பக்கத்தின் வழியே வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. அங்கே ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்குத்தானே செல்கிறது? கோணமும் 41.8°-ஐத் தாண்டிவிட்டது. பிறகு ஏன் முழு அக எதிரொளிப்பு நிகழவில்லை?

மதி:
75° போதாது என்று நினைக்கிறேன். 85° அல்லது அதற்கும் மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். கதிர் உள்ளேயே திரும்பிவிடும்.

இளங்கோ (இயற்பியல் ஆசிரியர்):
89° வரை கொண்டுபோனாலும் திரும்பாது. யாழினி 41.8°-உடன் ஒப்பிட்டது காற்றில் அளந்த கோணத்தை. ஒப்பிட வேண்டியதோ கண்ணாடிக்குள் கதிர் எதிர்ப்பக்கத்தின் செங்குத்துக்கோட்டோடு அமைக்கும் கோணத்தை. தேர்விலும் பலர் சறுக்கும் இடம் இதுதான்.

முதல் பரப்பில் ஸ்நெல் விதியை (ஒளிவிலகல் எண்ணையும் கோணத்தின் சைனையும் பெருக்கி வரும் மதிப்பு இரு ஊடகங்களிலும் சமம்) போட்டுப் பாருங்கள். sin 75° = 0.966, அதை 1.5-ஆல் வகுத்தால் 0.644, எனவே விலகுகோணம் ஏறத்தாழ 40.1°. பாளத்தின் இரு பக்கங்களும் இணையானவை என்பதால் அவற்றின் செங்குத்துக்கோடுகளும் இணையானவை. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற வடிவியல் விதிப்படி, அந்த 40.1°-தான் எதிர்ப்பக்கத்தின் படுகோணமும் ஆகிறது. 85°-க்குக் கணக்கிட்டால் 41.6° வரும். படுகோணம் 90°-ஐ நெருங்கும்போது உள்கோணம் 41.8°-ஐ நெருங்குமே தவிர ஒருபோதும் தாண்டாது. ஏனென்றால் மாறுநிலைக் கோணம் என்பதே, மறுபுறம் விலகுகோணம் 90° ஆகும்படியான உள்கோணம்தான். சுருங்கச் சொன்னால், காற்றிலிருந்து ஒரு பக்கத்தில் நுழைய முடிந்த கதிரால் அதற்கு இணையான பக்கத்தின் வழியே காற்றுக்கு வெளியேறவும் முடியும். ஒளிப்பாதையின் மீள்தன்மையும் (ஒளி வந்த பாதையிலேயே எதிர்த்திசையிலும் செல்ல முடியும் என்பது) இதையே சொல்கிறது.

பாளத்தின் மேல் நீரையோ எண்ணெயையோ படலமாகப் பரப்பினாலும் இது மாறாது. பரப்புகள் எல்லாம் இணையாக இருக்கும்வரை, ஒளிவிலகல் எண்ணையும் கோணத்தின் சைனையும் பெருக்கி வரும் மதிப்பு ஒவ்வோர் ஊடகத்திலும் ஒன்றேதான். இடையில் எத்தனை அடுக்குகள் வந்தாலும், கதிர் காற்றுக்குத் திரும்பும்போது தொடக்கக் கோணத்திலேயே திரும்பும்.

யாழினி:
மிக்க நன்றி ஐயா, இப்போது தெளிவாகிறது. அப்படியானால் காற்றிலிருந்து வரும் கதிரைக் கண்ணாடிக்குள் 41.8°-க்கு மேற்பட்ட கோணத்தில் விழச்செய்வது எப்படி? இன்னொரு ஐயமும் உண்டு: 41°-இல் வெளியேறும் ஒளி 42°-இல் திடீரென்று முழுவதும் திரும்பிவிடுகிறதா?

இளங்கோ (இயற்பியல் ஆசிரியர்):
இணையாக இல்லாத பக்கத்தில் விழச்செய்ய வேண்டும். 45°–90°–45° முப்பட்டகத்தின் சிறிய பக்கத்தில் செங்குத்தாக நுழையும் கதிர் வளையாமல் சென்று, கர்ணத்தின் மீது 45°-இல் விழுகிறது. 45° என்பது 41.8°-ஐ விடப் பெரியது என்பதால் முழுவதும் திரும்புகிறது. தொலைநோக்கிகளில் வெள்ளிப்பூச்சு இல்லாமலே முப்பட்டகங்கள் ஆடிகளாகப் பயன்படுவது இதனால்தான்.

முப்பட்டகம்கூட வேண்டியதில்லை, உங்கள் பாளமே போதும். நீண்ட பக்கத்தில் நுழையும் கதிரின் விலகுகோணம் 41.8°-க்குள் இருக்குமல்லவா? அதே கதிர் அடுத்துள்ள குறுகிய பக்கத்தை அடைந்தால், அங்கே படுகோணம் 90°-இலிருந்து விலகுகோணத்தைக் கழித்த அளவு, அதாவது குறைந்தது 48.2°. எந்தக் கோணத்தில் நுழைந்தாலும் அந்தப் பக்கத்தில் முழு அக எதிரொளிப்பு நிகழ்ந்தே தீரும். ஒளிவிலகல் எண் 2-இன் வர்க்கமூலத்தை, அதாவது 1.414-ஐ விட மிகுந்த எந்தச் செவ்வகப் பாளத்துக்கும் இது பொருந்தும். நீரின் எண் 4/3 மட்டுமே என்பதால், நீர்த்தொட்டியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 62° வரையிலான படுகோணங்களுக்கே பக்கச்சுவர் இப்படி ஆடியாகும். அதைத் தாண்டினால் ஒளி சுவர் வழியே வெளியேறத் தொடங்கும்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். பாடப்படங்களில் மாறுநிலைக் கோணத்துக்குக் கீழே எதிரொளித்த கதிரை வரையாமல் விட்டுவிடுவதால்தான் மாற்றம் திடீரென்று நிகழ்வதாகத் தோன்றுகிறது. உண்மையில் கண்ணாடியிலிருந்து செங்குத்தாக வெளியேறும் ஒளியிலேயே ஏறத்தாழ 4% உள்ளே திரும்புகிறது. சாதாரண, முனைவுறாத ஒளிக்கு இது 30°-இல் 5 முதல் 6% வரை, 40°-இல் ஏறத்தாழ கால் பங்கு, 41°-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கடைசி ஒரு பாகைக்குள் இந்த எதிரொளிப்பு அளவின் வளைகோடு செங்குத்தாக ஏறி, 41.8°-இல் 100%-ஐத் தொடுகிறது. ஆகவே 42°-இல் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பகுதி எதிரொளிப்பு முழுமையடைகிறது, அவ்வளவே.

செந்தூரன்:
ஆசிரியர் சொன்ன குறுகிய பக்கத்தை நேரிலேயே சோதிக்கலாம். நீண்ட பக்கத்தின் வழியே சாய்வாகப் பார்த்தால் குறுகிய பக்கம் வெள்ளி பூசியது போல் பளபளக்கும். அதன் வெளிப்புறத்தில் சற்றே ஈரமான விரலை அழுத்துங்கள். விரல்ரேகையின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடங்களில் மட்டும் பளபளப்பு அழிந்து, கோடுகள் தெளிவாகத் தெரியும். மேடுகளுக்கு இடையே காற்று நிற்கும் பள்ளங்கள் பளபளத்துக்கொண்டே இருக்கும். ஒளியியல் முறையில் இயங்கும் விரல்ரேகைப் பதிவுக் கருவிகள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான் உள்ளது.

மேல்வகுப்பில் இன்னொன்றும் வரும். முழு அக எதிரொளிப்பின்போதும் ஒளியின் மின்காந்தப் புலம் பரப்போடு நின்றுவிடுவதில்லை. காற்றுக்குள் ஏறக்குறைய ஓர் அலைநீளத் தொலைவுக்கு, ஆற்றலை வெளியே கொண்டுசெல்லாமல், வேகமாகத் தேய்ந்தபடி நீள்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் இன்னொரு கண்ணாடியைக் கொண்டுவந்தால், இடையில் காற்று இருந்தும், ஒளியின் ஒரு பகுதி அந்தக் கண்ணாடிக்குள் தாவிவிடும்.