1763, 1517: மீ.பொ.வ கண்ட அன்று நடந்தது

செவ்வாய்ப்பேட்டை:
பத்தாம் வகுப்பு, இரண்டாம் பாடம். கரும்பலகையில் 1763, 1517 என்று எழுதி, பகாக் காரணிப்படுத்தி மீ.பொ.வ (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) காணச் சொன்னார் சார். நாங்கள் 2, 3, 5, 7 என்று வகுத்து வகுத்து 13-லேயே ஓய்ந்துவிட்டோம். முன் பெஞ்சில் ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வரும் ஒரு பெண். மூன்றே வரியில் முடித்துவிட்டாள். 1763-ல் 1517 போக மீதி 246. 1517-ஐ 246-ஆல் வகுத்தால் மீதி 41. 246-ஐ 41-ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 41. “கேட்ட முறையில் செய்யல” என்று சார் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்தார். அழுத்திய வேகத்தில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது. அவள் செய்தது யூக்ளிட் முறை, அதே பாடத்தில் இருக்கிறது. புத்தகத்தை விரித்து வைத்திருந்த நான் வாயே திறக்கவில்லை. காலேஜ் வந்தும் உறுத்துகிறது.

அஸ்தம்பட்டி டியூஷன்:
தம்பி, கோடு கிழித்தது தப்புதான். ஆனால் கேட்ட முறை ஒன்றும் மட்டமில்லை. நானும் படிக்கும்போது 13-ல் நின்றவன், அதனால் சொல்கிறேன். ஓர் எண் பிரியுமானால், அதன் ஒரு பகாக் காரணியாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 1517-ன் வர்க்கமூலம் 39-க்கும் குறைவு. ஆகவே 37 வரை உள்ள 12 பகா எண்களைப் பார்த்தால் போதும், 37-ல் பிடிபடும்: 37 × 41. 1763-ஐ வகுக்கவே வேண்டாம். 42-ன் வர்க்கம் 1764. ஆக இது 42² − 1², அதாவது (42 − 1) × (42 + 1), 41 × 43. 1517-ம் அப்படியே, 39² − 2². பிள்ளைகளுக்கு 50 வரை வர்க்கங்களை மனப்பாடம் செய்ய வையுங்கள். தினம் ஐந்து, பத்து நாளில் முடிந்துவிடும். கால்குலேட்டரைக் கண்ணில் காட்டாதீர்கள்.

லீ பஜார்:
மனப்பாடத்தால் வருவதில்லை சார் இது. என் தாத்தா மண்டியில் கணக்குப்பிள்ளை. ஒருநாள் ராத்திரி கணக்கு 270 ரூபாய் இடித்தது. தாத்தா 2, 7 என்று விரல் மடக்கி, “ஒம்போதுல அடங்குது. எண்ணு மாறி விழுந்திருக்கும்” என்றார். பேரேட்டில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பேரேட்டில் 850, சீட்டில் 580. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகளின் புத்தகத்தில் மட்டு எண்கணிதம் (மீதிகளை வைத்துப் போடும் கணக்கு) பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே எந்த எண்ணின் மீதியும் அதன் இலக்கங்களின் கூட்டலின் மீதிதான். இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும் மீதி மாறாது, அதனால் வித்தியாசம் 9-ல் அடங்கியே தீரும். தாத்தாவிடம் சொல்ல அவர் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை:
டியூஷன் அண்ணா, 42² எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. கோடு விழுந்த பிறகு, அதற்குக் கீழே பென்சிலால் இரண்டையும் 41-ஆல் வகுத்து எழுதினாள்: 41 × 43, 41 × 37. சார் கேட்ட காரணிகளேதான். காட்டலாம் என்று நோட்டோடு எழுந்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.