கேம்ஷாஃப்டை நகர்த்தினால் சிஏ50 கணிப்பு விலகுகிறது: ஃப்ளெக்ஸ் ஃபியூயல் மாடலில் எதைச் சேர்ப்பது?

கேள்வி
இ0 (எத்தனால் இல்லாத பெட்ரோல்) முதல் இ85 (85 சதவீதம் வரை எத்தனால்) வரை ஓடும் என்ஜினுக்கு சிஏ50, அதாவது எரிபொருளில் பாதி எரிந்திருக்கும் கிராங்க் கோணத்தைக் கணிக்கும் மாடல் எழுதுகிறேன். எரிந்த பங்கு கிராங்க் கோணத்தோடு எப்படி உயர்கிறது என்று தரும் வீபே சார்புதான் அடிப்படை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஒரே இடத்தில் நின்றால் எல்லாக் கலவைக்கும் அளவீட்டோடு ஒத்துப்போகிறது. குறைந்த லோடில் ஓவர்லேப்பைக் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் கட்டம்) கூட்டினால் மட்டும், உண்மையான எரிதல் நான் கணித்ததைவிட மிகவும் தாமதமாகிறது. ஒவ்வொரு கேம் கோணத்துக்கும், ஒவ்வொரு கலவைக்கும் தனி மேப் (மதிப்பு அட்டவணை) போடுவதுதான் வழியா?

பதில்
வேண்டாம், மேப் பெருகிக்கொண்டே போகும். தீச்சுடருக்குக் கேம் கோணம் தெரியாது. எஞ்சிய வாயு (முந்தைய சுழற்சியில் எரிந்து, சிலிண்டரில் இன்னும் இருக்கும் வாயு) எவ்வளவு, அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு என்பதுதான் அதற்குத் தெரியும். அவற்றையே உள்ளீடாக்குங்கள்.

எஞ்சிய வாயுவின் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று பாருங்கள். ரோட்ஸ், கெக் இருவரும் 1985-இல் தந்த திருத்தம் இது: எஞ்சிய வாயுவின் மோல் பின்னத்தை (மூலக்கூறு எண்ணிக்கையில் அதன் பங்கு) 0.77 அடுக்குக்கு உயர்த்தி, 2.06-ஆல் பெருக்கி, 1-இலிருந்து கழியுங்கள். 10 சதவீதம் இருந்தாலே லாமினார் சுடர் வேகம் (கொந்தளிப்பு இல்லாத கலவையில் தீ பரவும் வேகம்) சுமார் 65 சதவீதமாகிறது. 20 என்றால் 40 சதவீதம்தான். இந்த அடி முதலில் விழுவது தீப்பொறியிலிருந்து 10 சதவீதம் எரியும் வரையான கட்டத்தில். அதனால் அந்தக் கட்டத்தையும் 10-இலிருந்து 50 வரையான கட்டத்தையும் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

கேட்டவர்
சரி, ஆனால் எஞ்சிய வாயுவை அளக்க சென்சார் இல்லையே?

பதில்
மதிப்பிடத்தான் வேண்டும். 1993-இல் வந்த ஃபாக்ஸ், செங், ஹேவுட் மாடல் நல்ல தொடக்கம். சிலிண்டரிலேயே தங்கிவிடுவது ஒரு பகுதி, ஓவர்லேப்பில் எக்ஸாஸ்டிலிருந்து திரும்பி வருவது இன்னொரு பகுதி. குறைந்த வேகத்தில் திரும்பி வர நேரம் அதிகம். த்ராட்டில் மூடியிருந்தால் இன்டேக் அழுத்தமும் குறைவு, அதனால் இன்னும் அதிகமாகத் திரும்பி வரும். டர்போ பூஸ்டில் இன்டேக் அழுத்தம் எக்ஸாஸ்டை மிஞ்சினால் அதே ஓவர்லேப் எஞ்சிய வாயுவை வெளியே தள்ளிவிடும். கேம் கோணத்தை மட்டும் வைத்துப் போட்ட மேப் இங்கேதான் கவிழும்.

மற்றொருவர்
எரிபொருள் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். கலவையைக் கன அளவில் மட்டும் பார்க்காதீர்கள். எத்தனால் மூலக்கூறு சிறியது. கன அளவில் பாதிக்குப் பாதி கலந்த இ50, மோல் கணக்கில் சுமார் 70 சதவீத எத்தனால். ஆக்டேன் உயர்வு மோல் பின்னத்தோடுதான் ஏறக்குறைய நேராகப் போகும், நாக் (கலவை தானாகவே பற்றி வெடித்து எரிவது) எல்லைக்கு அது முக்கியம். அப்புறம், எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும். நேரடி இன்ஜெக்‌ஷனில் அது பெரும்பாலும் கலவையையே குளிர்விக்கும். போர்ட் இன்ஜெக்‌ஷனில் ஒரு பங்கு வெப்பம் சூடான வால்விலிருந்தே வந்துவிடும், கலவை அவ்வளவு குளிராது. இன்டேக் வால்வு மூடும் தருணத்து வெப்பத்தில் இதைச் சேர்த்துவிட்டு, அங்கிருந்து தீப்பொறி வரை அழுத்திக் கணக்கிடுங்கள். வால்வு தாமதமாக மூடுவதன் விளைவும் அதிலேயே வந்துவிடும்.

சோதிக்கும்போது முதலில் கலவையை மாற்றாமல் ஓவர்லேப்பை மட்டும் நகர்த்துங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பிழை எங்கிருந்து வருகிறதென்று பிரிக்கவே முடியாது.