ஞாயிறு ஆராதனை நேரலை: எங்கள் சேகரத்தில் நிறுத்தலாமா?

தேரிக்காட்டுக்காரன்:
2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கோவிலைப் பூட்டினோம், போனில் ஆராதனை பார்த்தோம். அன்றைக்கு வேறு வழியில்லை. இப்போதும் உள்ளூர்க்காரர்களே வீட்டில் இருந்து பார்க்கிறார்கள். போன வாரம் இரண்டாம் மணி அடித்ததும் எண்ணினேன், 31 பேர். முன்பு பாடகர் குழு மட்டுமே 20 பேர் நிற்கும். நேரலையை நிறுத்தச் சொல்லி சேகரக் கமிட்டியில் (சேகரம் என்றால் ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள கோவில்கள்) கேட்கப் போகிறேன்.

ஷார்ஜா தம்பி:
அண்ணாச்சி, தயவுசெய்து வேண்டாம். அம்மா இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாரோ பிடித்த போனில்தான் மண் போடுவதைப் பார்த்தேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அப்பா படைத்த வாழைத்தாரை இங்கிருந்தே கேட்டு 4,000 ரூபாய்க்கு எடுத்தேன். பிழைக்கப் போனவனுக்கு ஊர்க் கோவில் இவ்வளவுதான் மிச்சம்.

தேரிக்காட்டுக்காரன்:
அடக்கமும் பண்டிகையும் இருக்கட்டும் தம்பி, வாரா வாரம் போடுவதைத்தான் சொல்கிறேன். நம் ஐயர், அதாவது குருவானவர், செய்யும் பிரசங்கத்தை 10 நிமிடம் பார்த்துவிட்டு பெரிய ஊர்ப் பிரசங்கியாரிடம் தாவிவிடுகிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒன்றாகக் கொடுக்கும் தசமபாகமும் க்யூஆர் கோடு வழியாக அங்கேயே போகிறது. சாகக் கிடக்கும்போது ராத்திரி 11 மணிக்கு ஜெபிக்க அந்தப் பெரிய ஊர்ப் பிரசங்கியார் வருவாரா?

குருவானவர் மகள்:
அப்பா வருவார் அண்ணாச்சி. ஆனால் எங்கள் சேகரத்தில் 6 கோவில்கள். ஒரு ஊரில் திருவிருந்து ஆராதனை முடித்து, அங்கியை மடித்து வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த ஊருக்கு ஓடுகிறார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி இரேனியஸ் ஐயர் ஊர் ஊராக உபதேசியார்களை, அதாவது ஊரிலேயே இருந்து ஜெபம் நடத்துகிறவர்களை, வைத்தார். ஐயர் வராத வாரமும் ஜெபம் நடந்தது. இன்று எங்களிடம் இருப்பது 2 உபதேசியார்தான். மற்ற 4 ஊர்ப் பாட்டிமாருக்கு நேரலைதான் ஆராதனை.

ஆள் குறைந்ததற்குப் போன் மட்டும் காரணமில்லை. பேராயரின் கீழ் எல்லாச் சேகரங்களும் சேர்ந்த திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்தால், அப்பா ஒரு வீட்டில் ஜெபித்துவிட்டு வெளியே வந்ததும் "ஐயர் எந்த அணி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கசப்பில் கோவிலுக்கு வருவதையே நிறுத்திய குடும்பங்கள் எனக்குத் தெரியும். அதைக் கமிட்டியில் யார் பேசுகிறீர்கள்?

பாளை டீச்சர்:
மகள் சொல்வது சரி. ஆனாலும் நான் அண்ணாச்சி பக்கம்தான். எங்கள் கோவிலில் கேமராவுக்கும் மைக்குக்கும் 85,000 ரூபாய் ஆனது. அதை ஒரு உபதேசியார் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம். 1903-இல் இங்கே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நம் காசிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினோம். என் பாட்டி உலை வைக்குமுன் கைப்பிடி அரிசி எடுத்துப் பானையில் போடுவார், மாசக் கடைசியில் கோவிலுக்குப் போகும். அப்படிக் கொடுத்த ஊரில் உபதேசியாருக்குப் பணமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஷார்ஜா தம்பி:
டீச்சர், இங்கே நம் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் இருக்கிறோம். எங்கள் ஊர் உபதேசியாருக்கு ஒரு வருடச் சம்பளம் போடுகிறோம். கேமராவை மட்டும் கழற்றாதீர்கள்.

தேரிக்காட்டுக்காரன்:
உபதேசியார் விஷயத்தை இந்தக் கமிட்டியிலேயே வைக்கிறேன் தம்பி. நேரலைக்கு எனக்கு இன்னும் சம்மதமில்லை. வருகிற ஞாயிறும் எண்ணிவிட்டு எழுதுகிறேன்.