வனக்குழு இருக்கும்போது சமூக வன உரிமை தனியாக எதற்கு?

காட்டுநெல்லி:
எங்கள் ஊர் மலையில். வனத்துறை அமைத்த கிராம வனக்குழு பல வருடமாக இருக்கிறது. இப்போது இளவட்டங்கள் சேர்ந்து, 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமை கேட்டு மனு போடலாம் என்கிறோம். பெரியவர்களோ, "அதான் வனக்குழு இருக்கே, கடுக்காய் பொறுக்க யாரும் தடுக்கலையே, எதுக்கு வம்பு?" என்கிறார்கள். உண்மையில் என்ன வித்தியாசம்? ஊர் கைக்குக் காடு வந்தால் வெட்டித் தீர்த்துவிடுவார்கள் என்ற பேச்சும் இருக்கிறது.

மேற்குமலை:
யார் முடிவெடுப்பது என்பதுதான் வித்தியாசம். வனக்குழு அரசாணையில் வந்தது, இன்னொரு அரசாணையில் போய்விடும். செயலர் பொறுப்பில் பெரும்பாலும் வனத்துறைக்காரர்தான் இருப்பார். வன உரிமை பாராளுமன்றம் போட்ட சட்டம். காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கடுக்காய் போன்ற சிறு வன மகசூலை விற்கவும் கிராம சபைக்கே உரிமை, மூங்கிலும் அதில் சேர்த்தி.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகாவைப் பாருங்கள். கோண்டு மக்களின் சிறிய ஊர். 2009-இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேருக்கு உரிமைப் பட்டா வாங்கிவிட்டார்கள், ஆனாலும் மூங்கிலை விற்கப் போனபோது டிரான்சிட் பாஸ் (காட்டுப் பொருளை வெளியே ஏற்றிச் செல்ல வேண்டிய அனுமதிச் சீட்டு) கிடைக்கவில்லை, பாஸ் இல்லாத மூங்கிலை எந்த வியாபாரி லாரியில் ஏற்றுவான்? 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்த பிறகுதான் பாஸ் புத்தகம் கிராம சபை கைக்கு வந்தது. 2012-இல் விதியையே திருத்தி, பாஸ் கொடுக்கும் அதிகாரத்தை கிராம சபை அமைக்கும் குழுவுக்குத் தந்தார்கள். பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பொறுக்க விடுவது வேறு, விற்கும் உரிமை வேறு.

மூங்கில்தூர்:
வெட்டித் தீர்ப்பார்கள் என்பவர்களுக்கு: அடுத்த வருடமும் அதே மூங்கில் தூரில் வெட்ட வேண்டியவன் மொட்டையடிக்க மாட்டான். மழைக்காலத்தில் குருத்து வரும், அப்போது கத்தி வைக்கக் கூடாது. அந்த வருடக் குருத்தையும், அதற்குத் தாங்கலாகச் சில முற்றிய கழிகளையும் விட்டுவிட்டு, தரையை ஒட்டிய முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கி அடி அழுகும். ஓரத்துக் கழிகளையே வெட்டி நடுவை அடைய விட்டால் தூர் நெருக்கியடித்துச் செத்துவிடும். குத்தகை ஆட்கள் கைக்கு எட்டிய ஓரத்தைத்தான் வெட்டுவார்கள், கூலி கழிக் கணக்கில் ஆயிற்றே.

நேபாளத்தில் 1993 வனச் சட்டம் காட்டை ஊர்மக்களின் பயனாளர் குழுக்களிடம் கொடுத்தது. 1992-இல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016-இல் 45 சதவீதம். இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய் மலை வயல்கள் தரிசானதும் ஒரு காரணம்தான், ஆனால் ஊர்க்காவல் இல்லாமல் இவ்வளவு திரும்பியிருக்காது.

மேற்குமலை:
மனு விஷயம்: தனிநபர் பட்டாவுக்குப் படிவம் ஏ, சமூக வன வள உரிமைக்குப் படிவம் சி. ஊராட்சி கிராம சபையில் பல ஊர்களோடு கலந்து வைக்காதீர்கள், உங்கள் குடியிருப்புக்கென்று தனியாகக் கூட்டுங்கள். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பாரம்பரிய எல்லையைப் பெரியவர்களோடு நடந்தே வரைந்துவிடுங்கள், ஓடை, பாறை, சாமி மரம் எல்லாம் பெயரோடு. அவர்கள் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சட்டப்படி ஒரு சான்று.

காட்டுநெல்லி:
சரி, எல்லை நடையை முதலில் வைக்கிறோம். பக்கத்து ஊரோடு ஒரு ஓடை பொது, அவர்களையும் அன்றைக்கே கூப்பிட்டுவிடுகிறோம்.