ஹோமா-ஐஆர் 60, டிஒய்ஜி 4.9: எங்கே தப்பு? இதை வைத்து இதய ஆபத்தைச் சொல்ல முடியுமா?

துளிர்:
46 வயதுக்காரர் ஒருவரின் வெறும் வயிற்று ரிப்போர்ட். குளுக்கோஸ் 104, டிரைகிளிசரைடு 178, எச்டிஎல் 38 (மூன்றும் மி.கி./டெ.லி.), இன்சுலின் 13 மைக்ரோயூனிட்/மி.லி. இன்சுலின் எதிர்ப்பை (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையை) மதிப்பிடும் இரண்டு கணக்குகளை எக்செல்லில் போட்டால், குளுக்கோஸ்-இன்சுலினை வைத்து வரும் ஹோமா-ஐஆர் 60.1 வருகிறது, டிரைகிளிசரைடு-குளுக்கோஸை வைத்து வரும் டிஒய்ஜி குறியீடு 4.91. கட்டுரைகளில் டிஒய்ஜி எட்டு, ஒன்பது என்றுதான் இருக்கிறது. சரியான எண் கிடைத்தால் இருபது வருடத்துக்குள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பை அதிலிருந்து கணக்கிடலாமா?

சீரம்:
ரிப்போர்ட் சரி, சூத்திரம்தான் இரண்டிலும் புரண்டிருக்கிறது. ஹோமாவில் 22.5-ஆல் வகுத்திருக்கிறீர்கள். குளுக்கோஸ் மில்லிமோலில் இருந்தால்தான் அந்த எண். மி.கி.க்கு 405. ஆக 104 × 13 ÷ 405 = 3.34.

டிஒய்ஜியில் அடைப்புக்குறி இடம் மாறியிருக்கிறது. டிரைகிளிசரைடையும் குளுக்கோஸையும் பெருக்கி, முதலில் 2-ஆல் வகுத்து, அதற்குப் பிறகு இயல் மடக்கை எடுக்க வேண்டும். 178 × 104 ÷ 2 = 9256; அதன் இயல் மடக்கை 9.13. மடக்கை எடுத்த பிறகு வகுத்ததால்தான் 4.91 வந்தது. சில கட்டுரைகளே இந்த இரண்டாவது வடிவத்தை அச்சிட்டிருக்கின்றன, அதனால் ஒப்பிடும் முன் அவர்களின் சராசரி 4-ஐ ஒட்டியதா 8-ஐ ஒட்டியதா என்று பாருங்கள். பத்தடி மடக்கை போட்டால் 3.97 வரும், அதுவும் செல்லாது. இன்சுலினை பிக்கோமோலில் தரும் ஆய்வகமென்றால் முதலில் 6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

3.34, 9.13 இரண்டும் இன்சுலின் எதிர்ப்பு இருப்பதையே காட்டுகின்றன. ஹோமாவுக்கு 2.5 என்ற எல்லை பரவலாகப் புழங்கினாலும் உலகம் முழுக்க ஒரே எல்லை கிடையாது. இன்சுலினை அளக்கும் கிட்டுக்குக் கிட்டு அளவு மாறும்.

மாதிரிக்குழாய்:
எண்ணை நம்பும் முன் ரத்தம் எடுத்த விதத்தையும் கேளுங்கள். சீரத்தைப் பிரிக்காமல் வைத்தால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். ஃபுளூரைடு குழாய் இதை உடனே நிறுத்தாது; முதல் ஓரிரு மணி நேரம் இறக்கம் தொடரும். சிவப்பணு உடைந்த மாதிரியில் இன்சுலின் சிதைந்து ஹோமா பொய்யாகக் குறையும். முடிக்காக அதிக அளவு பயோட்டின் சாப்பிடுகிறவர்களுக்கும் சில கிட்டுகளில் இன்சுலின் குறைவாகத்தான் காட்டும். முந்தைய நாள் மது அருந்தியிருந்தால் டிரைகிளிசரைடு ஏறியிருக்கும்.

துளிர்:
நன்றி, இரண்டும் சரியாக வந்துவிட்டன. டிஒய்ஜி உயர்ந்த குழுவுக்கு இத்தனை மடங்கு ஆபத்து என்று கட்டுரைகள் சொல்கின்றனவே, அதை இவருக்கு அப்படியே போடலாமா?

கோஹார்ட்:
போடக்கூடாது. அந்த மடங்கு உச்சக் குழுவைக் கீழ்க் குழுவோடு ஒப்பிட்டது, சராசரி மனிதரோடு அல்ல. 22 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வின் 2023 கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். டிஒய்ஜியின் மேல் மூன்றிலொரு பங்கினருக்கு இதய-ரத்தக்குழாய் நிகழ்வுகள் (மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை) சுமார் 20 சதவீதம்தான் கூடுதல். சர்க்கரை நோய் வருவதோ ஏறக்குறைய இரட்டிப்பு. ஒருவரின் பத்தாண்டு ஆபத்து 3 சதவீதமாக இருந்தால் 20 சதவீதக் கூடுதல் அதை 3.6 ஆக்கும், 12 ஆக இருந்தால் 14.4. அந்த அடிப்படை எண்ணைத் தீர்மானிப்பவை வயது, புகை, ரத்த அழுத்தம், எல்டிஎல். ஆகவே முதலில் ஸ்கோர்-2 மாதிரி, பத்தாண்டு இதய ஆபத்தைச் சொல்லும் ஒரு கணிப்பானில் இவரைப் போடுங்கள். அதில் டிஒய்ஜிக்குக் கட்டமே இல்லை.

இறப்பை மட்டும் பார்க்கும் கட்டுரைகளில் இன்னொரு சிக்கல். சிலவற்றில் டிஒய்ஜி மிகக் குறைந்தவர்களும் அதிகம் இறப்பதாக வளைவு யு வடிவில் வரும். உள்ளே நோய் இருப்பவருக்கு எடை குறைந்து டிரைகிளிசரைடு இறங்கும், பிறகு அவர் இறப்பார். குறைந்த எண் அவரைக் கொல்லவில்லை. முதல் இரண்டு வருட இறப்புகளை நீக்கியும் வளைவு நிற்கிறதா என்று பாருங்கள். எச்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் எல்லாவற்றின் பங்கையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத் தொடர்பு மறைந்துவிட்டது என்பவர்களிடமும் கவனம் தேவை. இன்சுலின் எதிர்ப்பு இதயத்தைத் தாக்கும் வழிகளே அவைதான். கொழுப்புத் திசு கட்டுப்பாடின்றிக் கொழுப்பு அமிலத்தை விட, கல்லீரல் அதை விஎல்டிஎல் என்னும் கொழுப்புத் துகளாக்கி அனுப்ப, எச்டிஎல் குறைந்து எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகும். அதனால் இந்தத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ-பி பரிசோதனை ஒன்று சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். இன்சுலினைத் திரும்பத் திரும்ப அளப்பதைவிட அதுதான் சிகிச்சை முடிவுக்கு உதவும்.

துளிர்:
இவர் பெனோபைப்ரேட் ஆரம்பிக்கப் போகிறார். டிஒய்ஜி இறங்கினால் எதிர்ப்பு குறைந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

சீரம்:
வேண்டாம். அந்த மாத்திரை டிரைகிளிசரைடை நேரடியாக இறக்கும், சூத்திரமும் கூடவே இறங்கும். இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு ஹோமா பொருந்தாததும் இதே மாதிரிதான். இடுப்புச் சுற்றளவையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் வேக நடை போட்டு, 8 முதல் 12 வாரம் கழித்து அதே ஆய்வகத்தில், அதே பட்டினி நேரத்தில் மறுபடி எடுக்கட்டும். டிரைகிளிசரைடு ஒரே மனிதருக்கே நாளுக்கு நாள் 20 சதவீதம் வரை ஆடும். 178 என்பது 150 ஆனாலே டிஒய்ஜி 8.96-க்கு வந்துவிடும், அதை முன்னேற்றமாக எழுதி வைக்காதீர்கள்.