தொப்பிப் பட்டைக்கு என்ன நிறம்? அவசரம்

கீற்றொளி: ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன் காலனிப் படைச் சிப்பாயின் படத்துக்கு வண்ணம் ஏற்றுகிறேன். தொப்பிப் பட்டையில் சிக்கிக்கொண்டேன். நாளைக் காலை கண்காட்சிக்குத் தர வேண்டும். நிறம் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்: எந்தக் காலனி? எந்த ஆண்டு? ஜெர்மானியரா, அஸ்காரி எனப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாயா?

வெயிலோன்: வெப்ப நாடு, காக்கிதான். யோசிக்கவே வேண்டாம்.

சுவடிப்பெட்டி: அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். 'ஷுட்ஸ்ட்ரூப்ப' என்ற அந்தக் காலனிப் படை மூன்று காலனிகளில் இருந்தது. பட்டை, தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு (இன்றைய நமீபியா) நீலம், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வெள்ளை, கேமரூனுக்குச் சிவப்பு. டோகோவில் காவல் படை மட்டுமே.

கீற்றொளி: மன்னிக்கவும். ஜெர்மானியர். கறுப்பு வெள்ளைப் படம். அகல விளிம்புத் தொப்பி, ஒரு பக்கம் மடித்து நிமிர்த்தியிருக்கிறது. பட்டை வெளிறித் தெரிகிறது. அப்படியானால் வெள்ளைதானே?

பழுப்புத்தாள்: பொறுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளில் நீலம் வெளுத்தும் சிவப்பு கறுத்தும் விழும். ஆகவே கேமரூன்தான் விலகுகிறது. நீலமும் வெள்ளையும் மிச்சம். சட்டைத் துணியைப் பெரிதாக்கிப் பாருங்கள், வரிவரியாகப் புடைப்பு தெரிகிறதா? சாம்பல் நிறக் கார்டுராய் தென்மேற்குப் படையின் அடையாளம்.

வெயிலோன்: ஒரு பக்கம் மடித்த தொப்பி என்றால் ஆஸ்திரேலியர்.

சுவடிப்பெட்டி: அவர்களுக்கு இடப்பக்கம். இவர்களுக்கு வலப்பக்கம், அங்கே கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டச் சின்னம். படத்தில் பார்ப்பவரின் வலம் அல்ல, அணிந்தவரின் வலம்.

மண்வாசகி: இதே சீருடையில்தான் 1904 முதல் 1908 வரை தென்மேற்கு ஆப்பிரிக்காவின் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்தார்கள். அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

சுவடிப்பெட்டி: கேள்வி நிறம் பற்றியது. ஹெரேரோ ஆண்களே இன்றும் நமீபியாவின் ஒகஹாண்ட்ஜா ஊரில் ஜெர்மன் பாணிச் சீருடையில் அணிவகுக்கிறார்கள்.

மண்வாசகி: ஆம், 1923இல் அங்கே அடக்கம் செய்யப்பட்ட ஹெரேரோ தலைவர் சாமுவேல் மஹாரெரோவையும் முன்னோரையும் நினைத்து. எதிரியின் உடையைத் தமதாக்கிக்கொண்டவர்களின் நினைவுநாளை, அந்த எதிரியைப் பாராட்டுவதோடு சேர்க்காதீர்கள். இனப்படுகொலை என்று ஜெர்மனி ஏற்றுக்கொள்ளவே 2021 ஆனது.

பழுப்புத்தாள்: இரண்டையும் பேசலாம். கீற்றொளி, துணி என்ன ஆயிற்று?

கீற்றொளி: முழங்கை மடிப்பில் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. விளிம்பு அணிந்தவரின் வலம். நீலம் ஏற்றிவிட்டேன். கீழே 1904 பற்றியும் நான்கு வரி எழுதியிருக்கிறேன். நன்றி.